குப்பைமேட்டு வாயில்

நெகேமியா நூலின் மூன்றாம் அதிகாரத்தை நம்மில் பலர் விரைந்து புரட்டிவிடுவது வழக்கம். அதில் புதுமை நிகழ்ச்சி எதுவும் இல்லை, போரும் இல்லை. இடிந்து கிடந்த எருசலேம் மதிலின் எந்தப் பகுதியை யார் எடுத்துக் கட்டினார் என்னும் பெயர் வரிசையே அந்த அதிகாரம். தலைமைக் குரு எலியாசிபும் அவர்தம் உடன் குருக்களும் ஆட்டு வாயிலைக் கட்டினார்கள். மீன் வாயிலைக் கட்டியவர்கள் உண்டு. ஊருணி வாயிலைக் கட்டியவரும் உண்டு. இவர்களுக்கு நடுவே இரேக்காபின் மகன் மல்கியா என்னும் ஒருவர் பெயர் வருகிறது. பெத்தக்கரேம் என்னும் மாவட்டத்துக்குத் தலைவராய் இருந்தவர் அவர். அவர் ஏற்றுக்கொண்ட பகுதி குப்பைமேட்டு வாயில்.

நகரத்துக் கழிவுகள் வெளியேறும் வாயிலுக்கும் ஒரு பொறுப்பாளர் வேண்டும் என்பதை அக்காலத்தவர் உணர்ந்திருந்தனர். அவர் பெயரைத் திருநூலிலும் எழுதி வைத்தனர். சென்ற திங்கள் நமக்கு வந்த ஒரு கடிதத்தைப் படித்தபோது இந்த மல்கியாவின் நினைவு நமக்கு எழுந்தது.

கடிதம் எழுதியவர் தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் வாழும் ஒரு தாய். ஊர்ப்பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால் நாம் அதனை விட்டுவிடுகிறோம். அவர் மணமாகி அவ்வூருக்கு வந்த ஆண்டில், அருகிலிருக்கும் நகரத்தின் உரக்கிடங்கு என்ற பெயரில் ஊர்க்கோடியில் ஒரு சிறு மேடு இருந்ததாம். இன்று அது நான்கு ஏக்கர் அளவுக்குப் பரந்து கிடக்கிறது. இன்னும் ஆறு ஏக்கர் சேர்க்கப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. அந்த ஆறு ஏக்கருக்குள் இவருடைய குடும்பத்தின் இரண்டு ஏக்கர் கேழ்வரகுக் கொல்லையும் அடங்கும். நல்ல விலை கிடைக்குமென்று இடைத்தரகர்கள் வந்து போகின்றனர். விற்றுவிட்டு ஓசூரில் ஒரு வீடு பார்ப்போம் என்கிறான் மூத்த மகன். பாட்டன் மண்ணைக் குப்பைக்குக் கொடுப்பதா என்று கலங்குகிறார் கணவர். "கிடங்கு பெரிதானால் சாலை வரும், பிள்ளைகளுக்கு வேலை வரும், ஊர் வளரும் என்று சிலர் சொல்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? எங்கள் ஊர் வளருமா, தேயுமா?" என்று அவர் வினவுகிறார்.

கடிதத்தின் கடைசிப் பத்தியில் அவர் குற்றச்சாட்டு எதுவுமின்றி ஒரு செய்தியை எழுதியிருக்கிறார். ஒரு பங்குத் திருவிழா முடிந்த இரண்டாம் நாள் கிடங்குக்கு வந்த வண்டியிலிருந்து நெகிழிக் குவளைகளும் தாள் தட்டுகளும் தோரணங்களும் சரிந்தனவாம். அவற்றோடு மாதா படம் அச்சிட்ட பெரிய பதாகை ஒன்றும் மடிந்து விழுந்ததாம். அவர் அதனை மட்டும் எடுத்துவந்து, கழுவி, வீட்டில் மடித்து வைத்திருக்கிறார். எந்தப் பங்கு என்று அவர் எழுதவில்லை, நாமும் கேட்கவில்லை.

அன்பார்ந்த குடும்பத்தாரே, இக்கடிதத்துக்குரிய மறுமொழியை நாம் அந்தத் தாய்க்கு மட்டும் எழுதினால் போதாது. குப்பை வண்டியை அனுப்புகின்ற ஊரிலும் நம்மவர் வாழ்கின்றனர். அது போய்ச் சேர்கின்ற ஊரிலும் நம்மவர் வாழ்கின்றனர்.

முதலில் அவருடைய கேள்வியை எடுத்துக்கொள்வோம். ஒரு கிடங்கின் அளவை நாம் அதன் வேலியைக் கொண்டு கணக்கிடுகிறோம். வேலிக்கு அப்பாலும் அதன் ஆட்சி நடக்கிறது என்பதை அரசின் விதிகளே ஏற்றுக்கொண்டிருக்கின்றன. 2016-ஆம் ஆண்டில் மைய அரசு வெளியிட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பை நிரப்பு நிலம் ஆற்றிலிருந்து 100 மீட்டரும், குளம், நெடுஞ்சாலை, குடியிருப்பு, குடிநீர்க் கிணறு ஆகியவற்றிலிருந்து 200 மீட்டரும் விலகியிருக்க வேண்டும் என்று வகுத்தன. நாளொன்றுக்கு ஐந்து டன்னுக்கு மேற்பட்ட கழிவைக் கையாளும் நிலையங்களைச் சுற்றிக் கட்டடம் எதுவும் எழாத இடைவெளி வளையம் ஒன்றை விடவேண்டும் என்றும் அவை கூறின. மக்களின் நலத்தைக் காக்க வந்த நல்ல விதி இது. எனினும் வளர்ச்சி நிகழக்கூடாத வளையம் என்ற ஒன்றை இவ்விதி வரைகிறது என்பதையும் நாம் கருத வேண்டும். வேலி நகர்ந்தால் வளையமும் நகரும்.

இதனை ஒரு சிறு கணக்கால் விளக்குவோம். நான்கு ஏக்கர் கிடங்கு சதுரமாய் இருக்கிறது எனக் கொண்டால், அதனைச் சுற்றி 200 மீட்டர் அகலமுள்ள வளையம் ஏறத்தாழ 56 ஏக்கர் பிடிக்கும். கிடங்கும் வளையமும் சேர்ந்து 60 ஏக்கர். அதே கிடங்கு பத்து ஏக்கராக விரிந்தால் வளையம் ஏறத்தாழ 71 ஏக்கர். இரண்டும் சேர்ந்து 81 ஏக்கர். விலை கொடுத்து வாங்கப்படுவது ஆறு ஏக்கர்தான். புதிதாகக் கிடங்கின் நிழலில் விழுவதோ 21 ஏக்கர். அந்த 21 ஏக்கரின் உரிமையாளர்களுக்கு ஒருவரும் ஒரு காசும் கொடுப்பதில்லை. அவர்களுடைய பட்டா அவர்களிடமே இருக்கும். அதில் வீடு கட்ட வருபவரோ, கடன் கொடுக்க வருபவரோ அரிதாகிவிடுவர். ஊரின் வருங்காலப் பள்ளிக்கூடமோ துணைச் சுகாதார நிலையமோ அமைய வேண்டிய புறம்போக்கு அந்த வளையத்துக்குள் இருந்தால் அதுவும் கைவிட்டுப் போகும்.

ஆகவே, "ஊர் வளருமா?" என்னும் கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்க வேண்டும். விற்கிறவருக்குக் கிடைக்கும் பணம் கண்ணுக்குத் தெரிகிறது. விற்காத அண்டை வீட்டார் இழப்பது எந்தப் பத்திரத்திலும் ஏறுவதில்லை. அமெரிக்க நாட்டில் நடந்த ஆய்வுகள் பல, பெரிய கிடங்குகளை ஒட்டிய வீடுகளின் மதிப்புக் குறைவதையும், தொலைவு கூடக்கூட அக்குறை தணிவதையும் கண்டன. சிறியவையாய் இருந்த சில கிடங்குகளைச் சுற்றி அத்தகைய குறைவு காணப்படவில்லை என்றும் அவை கூறின. எனவே குப்பைக் கிடங்கு என்ற சொல்லைக் கேட்டவுடன் அஞ்ச வேண்டியதில்லை. அங்கு வருவது எவ்வளவு, எவ்வகையானது, எப்படி நடத்தப்படுகிறது என்பவையே ஊரின் தலைவிதியை அறுதியிடுகின்றன.

தருமபுரிச் சீமைக்கு இதில் ஒரு தனிக் கவலை உண்டு. அஃது தண்ணீர். நம் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்திருப்பதால் பற்களில் கறை படிந்த சிறுவர்களையும், எலும்பு வளைந்து நடை தளர்ந்த முதியோரையும் நாம் தலைமுறைகளாகக் கண்டு வந்தோம். அத்துன்பத்தைத் தணிக்கவே சப்பானிய நாட்டின் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தீட்டப்பட்டது. 2008-ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பெற்று, 2013-ஆம் ஆண்டில் அது தொடங்கப்பெற்றது. தருமபுரி, கிருட்டிணகிரி ஆகிய இரு மாவட்டங்களுக்கும் காவிரி நீர் குழாய் வழியே வந்தது. எனினும் ஆடு மாடுகளுக்கும் தோட்டத்துக்கும் நாம் இன்றும் கிணற்றையும் ஆழ்துளையையுமே நம்பியிருக்கிறோம்.

நம் மாவட்டத்தின் பெரும்பகுதி கடும்பாறை நிலம். இங்கே நீர் பாறை வெடிப்புகளின் வழியே ஓடி, வெடிப்புகளிலேயே தங்குகிறது. தரையில் உரிய பூச்சும் விரிப்பும் இன்றிக் குவிக்கப்படும் ஈரக்குப்பை அழுகி, மழையில் கரைந்து, கறுத்த சாறாக இறங்கும்போது அதுவும் அதே வெடிப்புகளின் வழியே செல்லும். எந்தக் கிணற்றில் எப்போது தலைகாட்டும் என்று எவராலும் சொல்ல இயலாது. ஏற்கெனவே நீரால் துன்புற்ற மக்களுக்கு மீண்டும் நீராலேயே துன்பம் வருவது தகுமோ?

குவியலின் உள்ளே காற்றுப் புகாத இடத்தில் அழுகும் பொருள் மீத்தேன் என்னும் எரிவளியை உண்டாக்குகிறது. வெயிற்காலத்தில் ஒரு பொறி பட்டால் போதும். பல நாள் புகையும். 2023-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கொச்சி நகரின் பிரமபுரம் கிடங்கு பற்றியெரிந்து, பத்து நாட்களுக்கு மேல் நகரையே புகை சூழ்ந்ததை நாம் செய்தித்தாள்களில் படித்தோம். இவற்றுக்கு மேலாக, எந்த அளவுகோலிலும் அடங்காத இழப்புகளும் உள்ளன. பெண் பார்க்க வருகிறவர்கள் வாசலிலேயே முகம் சுளித்துத் திரும்புவது, கூட்டமாய்த் திரியும் நாய்கள் பட்டி ஆடுகளைக் கடிப்பது, மேடு இருக்கும் பக்கத்தைச் சொல்லி ஊருக்கே ஒரு பட்டப்பெயர் ஏற்படுவது ஆகியன அவற்றுள் சில. தம் ஊர்ப்பெயரைச் சொல்லப் பிள்ளைகள் நாணும் நிலை வந்துவிட்டால், அவ்வூரில் எந்தச் சாலை வந்தும் என்ன பயன்?

மறுபக்கத்தையும் நாம் நேர்மையாகக் கூறவேண்டும். நகரங்கள் வளர்கின்றன, அவற்றின் கழிவு எங்கேனும் சென்றாக வேண்டும். நகரத்துச் சந்தையில் தக்காளியும் மாங்காயும் விற்றுத்தான் சிற்றூர் வாழ்கிறது. நகரத்து மருத்துவமனைக்குத்தான் சிற்றூரின் நோயாளி செல்கிறார். ஊருக்கு ஊர் "இங்கே வேண்டாம்" என்று தடுத்தால், குப்பை இரவோடிரவாக ஏரிக்கரையிலும் ஆற்றுப் படுகையிலும் விழும். அது முன்னதினும் கேடு. கிடங்கில் பொறுக்கி விற்று அடுப்பு மூட்டும் ஏழைகளும் உள்ளனர். அவர்களையும் நாம் மறந்துவிடலாகாது. ஆகவே கிடங்கே கூடாதென்பது நம் கருத்தன்று. "கொஞ்ச நாளைக்கு", "இன்னும் கொஞ்சம் இடம்" என்னும் இரண்டு சொற்களைக் குறித்தே நாம் எச்சரிக்க விழைகிறோம்.

இலங்கையின் கொழும்பு மாநகரில் நிகழ்ந்ததைப் பாருங்கள். அங்குப் புளூமெண்டால் என்னும் இடத்தில் இருந்த குப்பைமேடு மூடப்பட்டபோது, 2009-ஆம் ஆண்டில், மீதொட்டமுல்லையில் ஏறத்தாழ இரண்டு ஏக்கர் நிலத்தில் தற்காலிகமாகக் கொட்டுவதற்கு இடம் தரப்பட்டது. எட்டு ஆண்டுகளில் அஃது இருபது ஏக்கர் அளவுக்கு விரிந்து, மலைபோல் உயர்ந்தது. சுற்றிலும் வாழ்ந்த ஏழை எளியோர் பலமுறை முறையிட்டனர். தெருவில் இறங்கியும் போராடினர். 2017-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் அந்த மேடு சரிந்தது. அன்று சித்திரைப் புத்தாண்டு. அவ்வாண்டில் பெரிய வெள்ளியும் அதே நாளில் அமைந்தது. பண்டிகை நாளில் வீடுகளில் இருந்த முப்பதுக்கு மேற்பட்டோர் புதையுண்டு மாண்டனர். நூற்றுக்கு மேற்பட்ட வீடுகள் சிதைந்தன.

அதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்னர், கத்தோலிக்க நாடான பிலிப்பைன்சிலும் இதுவே நிகழ்ந்தது. மணிலாவின் பழைய குப்பைமலையை மூடியபின், அங்குச் சென்ற வண்டிகளில் பல கெசோன் நகரின் பாயத்தாசு மேட்டுக்குத் திரும்பின. அதன் அடிவாரத்தில் குடியேறிய ஏழை மக்கள் தங்கள் குடியிருப்புக்கு இட்டிருந்த பெயர் 'லூப்பாங் பங்காக்கோ'. வாக்களிக்கப்பட்ட நாடு என்பது அதன் பொருள். 2000-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 10-ஆம் நாள், பெருமழைக்குப் பின் அந்த மேடு இடிந்து விழுந்து இருநூறுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே குப்பையைத் தரம்பிரிப்பதைக் கட்டாயமாக்கும் சட்டம் அந்நாட்டில் இயற்றப்பட்டது. இத்தனை உயிர்கள் போனபின் வந்த சட்டம் முன்னரே வந்திருக்கலாகாதா?

நம் சிற்றூர் மேடு அவ்வளவு உயரம் இல்லையே என்று எவரேனும் கூறலாம். உண்மைதான். அந்த மேடுகளும் ஒரு காலத்தில் சிறியனவாகவே இருந்தன என்பதை நினைவூட்டவே இவற்றை எழுதினோம்.

அண்டை மாநிலமாகிய கேரளம் நமக்கு இருவகைப் பாடங்களைத் தருகிறது. திருவனந்தபுரம் மாநகராட்சி தன் குப்பைகளை 2000-ஆம் ஆண்டு முதல் விளப்பில்சாலை என்னும் சிற்றூரில் அமைத்த ஆலைக்கு அனுப்பி வந்தது. உரம் செய்யப்படும் என்றார்கள். ஆலையின் ஆற்றலுக்கு மேல் வண்டிகள் வந்தன, குவியல் வளர்ந்தது, கழிவுச் சாறு ஓடையில் இறங்கிற்று. 2011-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் அவ்வூராட்சியே ஆலைக்குப் பூட்டுப் போட்டது. நீதிமன்ற ஆணையும் காவல்துறையின் துணையும் இருந்தும் அதனைத் திறக்க இயலவில்லை. ஊரே சாலையில் வந்து நின்றது. குப்பை வண்டி நின்றபின் அவ்வூருக்கு என்ன நேர்ந்தது? பின்னாளில் கேரளத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வளாகம் அமைவதற்கு அதே விளப்பில் ஊராட்சி தேர்ந்தெடுக்கப்பட்டது. பல்கலைக்கழகம் தேடி வரும் மண்ணாக அவ்வூர் மாறியதைக் கண்டால், மேடு அதுவரை எதைத் தடுத்து நின்றது என்பது விளங்கும்.

இரண்டாம் பாடம் ஆலப்புழை தருவது. அந்நகரின் குப்பையை ஏற்றுவந்த சர்வோதயபுரம் என்னும் ஊரின் மக்கள் 2012-ஆம் ஆண்டில் வண்டிகளை மறித்தனர். நகரத் தெருக்களில் குப்பை தேங்கிற்று. அந்நகரத்தார் வேறோர் ஊரைத் தேடி அலைவதைவிடத் தங்கள் வழக்கத்தைத் திருத்திக்கொள்ள முற்பட்டனர். வீடுகளில் எரிவாயுக் கலங்களும் மட்குக் குழாய்களும் வைக்கப்பட்டன. வீட்டில் இடமில்லாதோருக்குத் தெருவோரத்தில் பொது உரத்தொட்டிகள் எழுந்தன. குப்பைமேடாய் நாறிய சில இடங்களிலேயே அத்தொட்டிகளை அமைத்து, மக்கள் வந்து அமரும் வண்ணம் அழகுபடுத்தினார்கள். 2017-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு உலகில் எடுத்துக்காட்டாகச் சுட்டிய நகரங்கள் ஐந்தனுள் ஆலப்புழையும் ஒன்றாயிற்று. வண்டியை மறித்த சிற்றூராரின் துணிவும், தம் தவற்றை உணர்ந்த நகரத்தாரின் பணிவும் சேர்ந்தே அதனைச் செய்தன.

குவித்தபின் கரைப்பதற்கு ஆகும் செலவையும் அறிந்துகொள்வது நன்று. சென்னையில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பெருங்குடிக் கிடங்கில் 225 ஏக்கரில் தேங்கிய பழங்குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்க ஏறத்தாழ 350 கோடி ரூபாயும், கொடுங்கையூர்க் கிடங்குக்கு ஏறத்தாழ 640 கோடி ரூபாயும் மதிப்பிடப்பட்டன. மலிவான வழி என்று எண்ணியே ஊர்க்கோடியில் கொட்டத் தொடங்கினோம். அந்த மலிவின் விலையைப் பிள்ளைகள் காலத்தில் வட்டியோடு கட்டுகிறோம்.

தருமபுரியும் இன்று ஒரு திருப்பத்தில் நிற்கிறது. நகராட்சியின் குப்பைகள் சென்று சேர்ந்த இடமாகத் தடங்கம் என்னும் ஊரின் பெயரை நாம் அறிவோம். சிப்காட் தொழிற்பூங்காவுக்காகத் திட்டமிடப்பட்ட ஊர்களின் வரிசையிலும், அதகப்பாடி, பாலசங்கமனஅள்ளி ஆகியவற்றோடு அதே தடங்கம் இடம்பெற்றது. பிழைப்புக்காகப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பேருந்தேறும் நம் இளைஞர்களுக்கு உள்ளூரிலேயே வேலை கிடைக்குமென்றால் அதனினும் மகிழ்ச்சி வேறென்ன? ஆயினும் தொழில் வந்தால் ஆட்கள் வருவர். ஆட்கள் வந்தால் குப்பையும் வரும். ஒரு வீட்டுக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோ என்று வைத்துக்கொண்டாலும், புதிதாய் ஆயிரம் வீடுகள் எழுந்தால் ஆண்டுக்கு 365 டன். இதற்கு இப்போதே வழி வகுக்காவிடில், வளர்ச்சி ஒரு கையால் கொடுப்பதைக் குப்பைமேடு மறுகையால் பறித்துக்கொள்ளும்.

இனி, கடிதம் எழுதிய தாய்க்கு நம் மறுமொழி. அம்மா, நிலத்தை விற்பதா வேண்டாமா என்று தொலைவிலிருந்து தீர்ப்புச் சொல்லும் உரிமை நமக்கு இல்லை. கடன் சுமையும் பிள்ளைகளின் எதிர்காலமும் உங்கள் வீட்டுக்குள் இருப்பவை. உங்கள் இரண்டு ஏக்கர் உங்களுக்குச் சொத்து. அதற்கு அப்பால் உள்ள வீடுகளுக்கோ அது வேலி. இதனை உங்கள் மகனிடம் அமைதியாய் எடுத்துச் சொல்லுங்கள். முன்பணம் வாங்குவதற்கு முன்னர் ஊராரோடு கூடிப் பேசுங்கள். நம் மாநிலத்தில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடவேண்டும் என்பது முறை. சனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகத்து 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியன அந்நாள்கள். கூச்சலோ வசையோ இன்றி, எழுத்து வடிவில் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு.

விரிவாக்கம் எத்தனை ஏக்கர்? எத்தனை ஆண்டுகளுக்கு? அதன்பின் மூடப்படும் என்பதற்கு எழுத்துறுதி என்ன? குப்பை தரம்பிரிந்து வருமா, கலந்து வருமா? அடியில் கசிவைத் தடுக்கும் விரிப்பு உண்டா? இடைவெளி வளையம் எவருடைய பட்டா வழியே செல்லும்? ஊர்க் கிணறுகளின் நீர் ஆண்டுதோறும் சோதிக்கப்பட்டு, அதன் முடிவு ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டப்படுமா? இக்கேள்விகளுக்கு விடை எழுதித் தருகிறவர்கள் நல்ல கிடங்கை நடத்தக் கூடும். விடை தர மறுப்பவர்களுக்கு இன்னும் ஆறு ஏக்கர் எதற்கு? இக்கேள்விகளை முன்வைத்து, சபையின் தீர்மானப் புத்தகத்தில் பதியச் செய்யுங்கள். பயன் கிட்டாவிடில், சென்னையில் அமர்ந்துள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரை செல்லும் வழி குடிமக்களுக்குத் திறந்திருக்கிறது.

அடுத்து, வண்டியை அனுப்புகின்ற நமக்கு. நம் வீட்டுக் குப்பையில் பாதியோ அதற்கு மேலோ சோறும் காய்த்தோலும் இலையுமே. இந்த ஈரக்குப்பைதான் கிடங்கில் நாறுகிறது, சாறாய் இறங்குகிறது, எரிவளியாய்ப் புகைகிறது. அதே பொருள் வீட்டுக் கொல்லையில் ஒரு குழியில் மண்ணோடு சேர்ந்தால் எருவாகிறது. நம் பாட்டிமார் செய்ததும் இதுவே. எருக்குழியில்லாத வீடு அன்று எந்த ஊரில் இருந்தது? மாடியில் குடியிருப்போர் துளையிட்ட இரண்டு தொட்டிகளை மாற்றி மாற்றி நிரப்பலாம். ஈரத்தை இவ்வாறு வீட்டிலேயே நிறுத்தினால், காய்ந்த தாளும் நெகிழியும் கண்ணாடியும் பழைய பொருள் வாங்குகிறவரிடம் போகும். ஊசியும் மருந்தும் மின்கலமும் தனியே தூய்மைப் பணியாளரிடம் தரப்பட வேண்டும். எஞ்சுவது ஒரு கைப்பிடி. எல்லா வீடுகளும் இதைச் செய்யும் நகரத்துக்கு ஆறு ஏக்கர் தேவைப்படாது. இருக்கின்ற நான்கே நீண்ட நாள் வரும்.

பங்குகளுக்கும் ஒரு வேண்டுகோள். திருவிழா அன்பின் விருந்தைத் தையல் இலையிலோ வாழையிலையிலோ பரிமாறலாம். ஒருமுறை வாங்கிய எவர்சில்வர்க் குவளைகள் பத்துத் திருவிழாக்களுக்கு வரும். நெகிழிப் பதாகையைத் தவிர்த்துத் துணியில் எழுதினால் அடுத்த ஆண்டுக்கும் எடுத்து வைக்கலாம். கொடியிறக்கத்தின் மறுநாள் காலை, இளையோர் குழுவும் பக்த சபைகளும் கோயில் வளாகத்துக் குப்பையைத் தாமே தரம்பிரித்து அனுப்புவதைத் திருவிழாவின் கடைசி நிகழ்ச்சியாக அழைப்பிதழிலேயே அச்சிடலாம். அன்னையின் படம் எந்தக் கிடங்கிலும் மீண்டும் விழாதிருக்க இதுவே வழி.

மறைந்த திருத்தந்தை பிரான்சிசு 2015-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில், பொருளைத் தூக்கி எறியும் பழக்கம் எளிய மனிதரையும் தூக்கி எறியும் மனப்பான்மையோடு பிணைந்திருப்பதை எடுத்துக்காட்டினார். அதன் உண்மையை அறிய நாம் உரோமைக்குச் செல்ல வேண்டியதில்லை. நம் நகரத்துக் குப்பை வண்டியின் பின்னே சற்றுத் தொலைவு நடந்தால் போதும். அது எங்கே சென்று நிற்கிறது, அங்கே யார் வாழ்கிறார்கள் என்று பார்த்தால் விளங்கிவிடும். வேண்டாதவை அனைத்தும் நகர வாயிலுக்கு வெளியே என்பது உலகத்தின் வழக்கம். நம் ஆண்டவர் இயேசு பாடுபட்டதும் நகர வாயிலுக்கு வெளியேதான் என்பதை எபிரேயருக்கு எழுதிய திருமுகம் நமக்கு நினைவுறுத்துகிறது. வெளியே தள்ளப்பட்டவர்களின் பக்கத்தில் அவரைக் காண்பது நமக்குப் புதிதன்று.

மல்கியா கட்டிய வாயிலுக்குக் கதவும் தாழ்ப்பாளும் இருந்தன என்று அந்த அதிகாரம் கூறுகிறது. திறந்தே கிடக்கும் வாயிலாக அதை அவர் விட்டுவிடவில்லை. எது வெளியே போகலாம், எவ்வளவு போகலாம் என்று பார்த்துத் திறக்கவும் அடைக்கவும் ஒருவர் அங்கே இருந்திருப்பார். நம் வீட்டுக் கொல்லைக் கதவில் அந்தப் பணி நமக்குக் காத்திருக்கிறது. அந்தத் தாய் மடித்து வைத்திருக்கும் பதாகையை வாங்கிவர, வரும் திங்களில் நாமே அவ்வூருக்குச் செல்ல எண்ணியிருக்கிறோம். கிராம சபையில் அவர் கேள்வி கேட்கும் நாளில் உடன் நிற்க நகரத்துக் குடும்பங்கள் சிலவேனும் முன்வருமாயின், அவர்களையும் அழைத்துச் செல்வோம்.